வளைந்த காலில் எலும்பு என்ன செய்கிறது?

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில், ‘சி’ பிளாக்கில் வசிக்கும் எலும்பு மூட்டு அறுவை சிகிச்சை மருத்துவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். கேள்வி-பதில் பகுதி சுருக்கித் தரப்பட்டுள்ளது.)

ஞாயிற்றுக்கிழமை காலையில் இத்தனை பேர் வந்திருப்பதைப் பார்த்தால், நம் வளாகத்தில் முட்டி வலி இல்லாத வீடே இல்லை போலிருக்கிறது.

போன மாதம் கிளப் ஹவுஸில் இலவச எலும்பு அடர்த்திப் பரிசோதனை முகாம் ஒன்று நடந்தது. குதிகாலை ஒரு கருவிக்குள் வைக்கச் சொல்லி, இரண்டு நிமிடத்தில் ஒரு சீட்டைக் கையில் கொடுத்தார்கள். பக்கத்து மேஜையில் கால்சியம் பவுடர் விற்றார்கள். அதற்குப் பிறகு லிஃப்டிலும் வாக்கிங் பாதையிலும் பலர் என்னை நிறுத்தி, “டாக்டர், எலும்பு வீக்காம். அதனாலதான் முட்டி வலிக்குதா? அதனாலதான் கால் வளையுதா? கால்சியம் சாப்பிட்டா சரியாயிடுமா?” என்று கேட்டார்கள்.

லிஃப்ட் மூன்றாவது மாடிக்குப் போவதற்குள் சொல்லி முடிக்கிற பதில் இல்லை இது. அதனால்தான் செயலாளரிடம் அரை மணி நேரம் கேட்டு வாங்கினேன்.

‘தேய்மானம்’ என்ற சொல்

முதலில் ஒரு சொல்லைப் பற்றிப் பேச வேண்டும். நாம் எல்லோரும் ‘மூட்டுத் தேய்மானம்’ என்கிறோம். டாக்டர்களும் அப்படித்தான் சொல்கிறோம். சொன்னால் உடனே புரிகிறது. ஆனால் செருப்பு தேயும், டயர் தேயும், அம்மிக்கல் தேயும். இவையெல்லாம் உயிரில்லாத பொருட்கள். குறைவாகப் பயன்படுத்தினால் அதிக நாள் வரும். இந்தக் கணக்கை முட்டிக்கும் போட்டுவிடுகிறோம். “இனிமேல் நடக்காதே, தேய்ந்துவிடும்” என்று வீட்டில் சொல்கிறார்கள். அம்மாவும் சோபாவில் உட்கார்ந்துவிடுகிறார். ஆறு மாதத்தில் தொடைத் தசை மெலிகிறது, எடை கூடுகிறது, வலி முன்பைவிட அதிகமாகிறது.

முழங்காலில் தேய்வது குருத்தெலும்பு. எலும்பின் முனையில் வழவழப்பாகப் படிந்திருக்கும் உறை அது. அதற்கு ரத்தக் குழாயும் கிடையாது, நரம்பும் கிடையாது. அதற்கு அடியில் இருக்கும் எலும்போ முழுக்க முழுக்க உயிருள்ளது. குருத்தெலும்பு தேய்வதை அது சும்மா பார்த்துக்கொண்டிருப்பதில்லை. அது செய்கிற வேலைதான் இன்றைய பேச்சின் பொருள்.

இடிக்கும் அணி, கட்டும் அணி

நம் எலும்பில் இரண்டு வகைச் செல்கள் இரவு பகலாக வேலை செய்கின்றன. ஆஸ்டியோகிளாஸ்ட் என்ற செல்கள் பழைய எலும்பை அரித்து எடுக்கின்றன. ஆஸ்டியோபிளாஸ்ட் என்ற செல்கள் அந்தக் குழியில் புது எலும்பைக் கட்டுகின்றன. ஓரிடத்தில் இடிக்க இரண்டு மூன்று வாரம் ஆகும். திரும்பக் கட்ட மூன்று நான்கு மாதம் ஆகும். இப்படி ஒரு வருடத்தில் உடம்பின் எலும்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு புதிதாகிறது.

எங்கே அதிகம் கட்ட வேண்டும், எங்கே குறைக்க வேண்டும் என்பதை எது தீர்மானிக்கிறது? ஹார்மோன், சத்து எல்லாம் உண்டு. ஆனால் அந்தந்த இடத்துக்கான கணக்கைப் பெரும்பாலும் எழுதுவது சுமைதான். ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஜூலியஸ் உல்ஃப் 1892-ல் இதை ஒரு விதியாகவே எழுதினார். சுமை விழும் இடத்தில் எலும்பு பலப்படும், சுமை இல்லாத இடத்தில் மெலியும் என்பது அதன் சாரம். டென்னிஸ் வீரருக்கு ராக்கெட் பிடிக்கும் கை எலும்பு மறு கையைவிடத் தடிமனாக இருக்கும். விண்வெளி நிலையத்தில் எடையின்றி மிதப்பவர்களுக்கு இடுப்பெலும்பின் அடர்த்தி மாதத்துக்கு ஒரு சதவீதத்துக்கு மேல் குறைகிறது. அவர்கள் சாப்பிடும் கால்சியத்தில் குறை ஒன்றும் இல்லை. அங்கே இல்லாதது சுமை.

கால் வளைந்தால் என்ன ஆகிறது?

கொத்தனார் தூக்குக்குண்டு பிடித்துச் சுவர் நேராக இருக்கிறதா என்று பார்ப்பார் அல்லவா? அதுபோல இடுப்பு மூட்டின் நடுவிலிருந்து கணுக்காலின் நடுவுக்கு ஒரு நூல் பிடிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நேரான காலில் அந்த நூல் முழங்காலின் நடுவையொட்டிப் போகும். வில் போல வெளிப்பக்கம் வளைந்த காலில், அது முட்டியின் உள்பக்கமாக விலகிப் போகும். உடம்பின் பாரம் இறங்குகிற வழி அந்த நூல்தான்.

சமதரையில் நடக்கும்போதே முழங்காலில் உடல் எடையைப் போல இரண்டு முதல் மூன்று மடங்கு சுமை விழுகிறது. நேரான காலிலும் அதில் ஏறக்குறைய 60 முதல் 70 சதவீதம் உள்பக்கப் பாதிக்குத்தான் போகிறது. கால் வளைந்தால் அந்தப் பங்கு இன்னும் கூடுகிறது. வெளிப்பக்கப் பாதி வேலையில்லாமல் இருக்கிறது.

இப்போது உல்ஃப் சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள். முட்டிக்குக் கீழே உள்ள பெரிய எலும்பின் தலையில், உள்பக்கம் சுமை கூடுவதால் அங்கே எலும்பு கெட்டியாகிறது. எக்ஸ்ரேயில் அந்த இடம் வெள்ளையாகத் தெரியும். வெளிப்பக்கம் சுமை குறைவதால் அங்கே எலும்பு மெலிகிறது. ஒரே எலும்பின் தலை. நாலு விரல் தள்ளி இரண்டு விதமான எலும்பு. மூட்டு மாற்று அறுவை சிகிச்சையின்போது இதை எங்கள் கையாலேயே உணர்கிறோம். வெளிப்பக்கம் மெத்தென்று இருக்கும். உள்பக்கம் அவ்வளவு கெட்டித்துப் போயிருக்கும். எலும்பு சிமெண்ட் பிடிப்பதற்காக அங்கே சின்னச் சின்னத் துளைகள் போட வேண்டியிருக்கும்.

கெட்டியானால் நல்லதுதானே என்று தோன்றும். நம் வளாகத்தில் கட்டுமான வேலை பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். அவசரமாகப் போட்டு, சரியாகத் தண்ணீர் விட்டு க்யூரிங் செய்யாத கான்கிரீட் பார்வைக்குத் தடிமனாக இருக்கும், தரம் இருக்காது. வளைந்த முட்டியின் உள்பக்கத்தில் இடிப்பதும் கட்டுவதும் வேகமாக நடக்கின்றன. அங்கே உருவாகும் எலும்பு அளவில் அதிகம்; ஆனால் அதில் தாது உப்பு முழுமையாகப் படிவதில்லை. அதிர்ச்சியைத் தாங்கிப் பகிர்ந்துகொள்ளும் வேலையை அது சரியாகச் செய்வதில்லை. மேலே இருக்கும் குருத்தெலும்பு இன்னும் அடி வாங்குகிறது. அது தேயத் தேய உள்பக்க இடைவெளி குறைகிறது. இடைவெளி குறைந்தால் கால் இன்னும் வளைகிறது. வளைந்தால் சுமை இன்னும் கூடுகிறது. இப்படி ஒன்றை ஒன்று வளர்த்துவிடுகின்றன.

சிகாகோவில் லீனா ஷர்மா குழுவினர் 2001-ல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஏற்கெனவே மூட்டு நோய் உள்ளவர்களை 18 மாதம் கவனித்தார்கள். கால் வெளிப்பக்கம் வளைந்தவர்களுக்கு முட்டியின் உள்பக்கச் சேதம் முற்றுவதற்கான வாய்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்கு அதிகமாக இருந்தது.

வலி எங்கிருந்து வருகிறது?

குருத்தெலும்புக்கு நரம்பே இல்லை என்று சொன்னேன். அப்படியானால் வலி? மூட்டைச் சுற்றியுள்ள உறை வீங்குவதால் கொஞ்சம் வலி வருகிறது. முக்கியமான ஒரு பங்கு எலும்பிலிருந்தே வருகிறது. எம்.ஆர்.ஐ. எடுத்தால், குருத்தெலும்புக்கு அடியில் எலும்பு மஜ்ஜையில் சில இடங்கள் தனியாகத் தெரியும். சுமை தாங்காமல் எலும்பு அடி வாங்கியதற்கான அடையாளம் அது. வளைந்த காலில் இது பெரும்பாலும் உள்பக்கத்தில்தான் இருக்கும். இப்படி இருப்பவர்களுக்கு வலியும் அதிகம், நோய் முற்றும் வேகமும் அதிகம்.

குதிகால் சீட்டும் முட்டியும்

இப்போது அந்தச் சீட்டுக்கு வருகிறேன். குதிகாலில் அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்ப்பது ஒரு முதல்கட்டச் சோதனை. அதை மட்டும் வைத்து மருந்து ஆரம்பிக்கக் கூடாது. எலும்புப்புரை, அதாவது ஆஸ்டியோபோரோசிஸ், இருக்கிறதா என்று உறுதி செய்ய டெக்ஸா ஸ்கேன் வேண்டும். அது இடுப்பையும் முதுகெலும்பையும் பார்க்கும். அதில் டி-ஸ்கோர் என்று ஓர் எண் வரும். மைனஸ் 1-க்கு மேல் இருந்தால் இயல்பு, மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே போனால் எலும்புப்புரை. நடுவில் இருந்தால் ஆஸ்டியோபீனியா.

எலும்புப்புரைக்கு வலி கிடையாது. எலும்பு முறிந்தால்தான் வலி. ஆகவே உங்கள் நாள்பட்ட முட்டி வலிக்குக் காரணம் அந்த எண் இல்லை. கால் வளைவதற்கும் பெரும்பாலானவர்களுக்கு அது காரணம் இல்லை. கடுமையான வைட்டமின் டி குறைபாட்டில் எலும்பு மிருதுவாகி வளைவது தனி நோய். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

சரி, எலும்புதான் பிரச்சினை என்றால் எலும்பு மருந்து கொடுத்து முட்டியைக் காப்பாற்ற முடியாதா? நல்ல கேள்விதான். ஆராய்ச்சியாளர்களும் இதைக் கேட்டார்கள். எலும்பு அரிப்பைக் குறைக்கும் ரைசெட்ரோனேட் மருந்தைச் சுமார் 2,500 முட்டி நோயாளிகளிடம் சோதித்த ஆய்வின் முடிவு 2006-ல் வந்தது. மூட்டு கெடுவது மட்டுப்படவில்லை. ஜோலெட்ரோனிக் அமில ஊசியை 2020-ல் வெளியான ஓர் ஆய்வு இரண்டு வருடம் சோதித்தது. அதிலும் பலன் இல்லை. வைட்டமின் டி கொடுத்துப் பார்த்த 2013, 2016 ஆய்வுகளிலும் குருத்தெலும்பு தேய்வது நிற்கவில்லை. காரணம் யோசித்தால் புரியும். சுமை தவறான இடத்தில் விழுந்துகொண்டிருக்கும்வரை, கட்டும் அணிக்கு எவ்வளவு பொருள் அனுப்பினாலும் அவர்கள் அதே தவறான இடத்தில்தான் கட்டுவார்கள்.

இதைக் கேட்டுவிட்டு யாரும் எலும்புப்புரை மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். டெக்ஸாவில் எலும்புப்புரை உறுதியானால் அதற்கு மருந்து கட்டாயம் வேண்டும். அது இடுப்பு எலும்பு முறிவைத் தடுப்பதற்காக. முட்டிக்கு வேறு வைத்தியம். இரண்டும் தனித்தனிக் கணக்கு.

ஒரே நாளில் வந்த வலி என்றால்

இரண்டு கணக்கும் ஓரிடத்தில் சந்திக்கும். அதை மட்டும் தயவுசெய்து நினைவில் வையுங்கள்.

ஐம்பது, அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி. கால் கொஞ்சம் வளைவு. எலும்பும் மெலிவு. படி இறங்கும்போதோ, குனிந்து உட்கார்ந்து எழும்போதோ முட்டியின் பின்பக்கம் ‘படக்’ என்று ஒரு சத்தம். அன்றிலிருந்து உள்பக்கம் தாங்க முடியாத வலி, இரவிலும் வலி. முட்டிக்குள் மெத்தை மாதிரி இருக்கும் ஜவ்வு அதன் வேரில் கிழிந்திருக்கலாம். மெத்தை போனதும் சுமை நேராக எலும்பின் மேல் விழுந்து, குருத்தெலும்புக்கு அடியிலேயே மயிரிழை முறிவு ஏற்படலாம். முதல் சில வாரம் எக்ஸ்ரேயில் இது தெரியாமலே போகலாம், எம்.ஆர்.ஐ.யில் தெரியும்.

இதைப் ‘பழைய தேய்மான வலிதான்’ என்று நினைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டு நடந்தால், அந்த எலும்பு உள்ளே அமுங்கிவிடும். சில மாதத்தில் கால் வேகமாக வளையும். முன்னாலேயே கண்டுபிடித்து, சில வாரம் வாக்கரோ ஊன்றுகோலோ வைத்துச் சுமையைக் குறைத்து, வைட்டமின் டியையும் எலும்புப்புரையையும் கவனித்தால் பலருக்கு அறுவை சிகிச்சை இல்லாமலே ஆறிவிடும். வருடக்கணக்காக இருக்கும் வலிக்கு நடை நல்லது. ஒரே நாளில் வந்த கடும் வலிக்கு நடை ஆபத்து. முதலில் டாக்டரைப் பாருங்கள்.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, எக்ஸ்ரே. நின்றுகொண்டுதான் எடுக்க வேண்டும். படுக்க வைத்து எடுத்தால் சுமை இல்லை. இடைவெளி குறைந்திருப்பதும் வளைவும் சரியாகத் தெரியாது. வளைவு இருந்தால் இடுப்பிலிருந்து கணுக்கால்வரை முழுக் காலையும் ஒரே படமாக எடுப்பது நல்லது.

இரண்டாவது, எடை. உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், நடக்கிற ஒவ்வோர் அடியிலும் முட்டியின் சுமை ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது. 2005-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில் அளந்தே பார்த்திருக்கிறார்கள். ஐந்து கிலோ குறைத்தால் ஓர் அடிக்கு இருபது கிலோ. நம் வாக்கிங் பாதையை ஒருமுறை சுற்றி வர எத்தனை அடி என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, தசை. முன்தொடைத் தசைக்கும் இடுப்பின் பக்கவாட்டுத் தசைக்கும் பயிற்சி. கைப்பிடியில்லாத நாற்காலியில் உட்கார்ந்து மெதுவாக எழுவது, படுத்துக்கொண்டு காலை மடக்காமல் உயர்த்துவது, ஒருக்களித்துப் படுத்து மேல்காலைத் தூக்குவது. இவை வளைவை நிமிர்த்தாது. வலியைக் குறைக்கும், நடையைத் திடமாக்கும். ஒரு மாதமாவது விடாமல் செய்துவிட்டுப் பலனைப் பாருங்கள்.

நான்காவது, கைத்தடி. வலது முட்டி வலித்தால் தடி இடது கையில். பெரும்பாலானோர் வலிக்கும் பக்கமே பிடிக்கிறார்கள். எதிர்ப் பக்கம் பிடித்தால்தான் சுமை குறையும்.

ஐந்தாவது, உணவு. கால்சியம் முட்டிக்கு மருந்தில்லை என்றாலும் உடம்புக்கு வேண்டும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராம் என்பது பரிந்துரை. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது. ஒரு டம்ளர் பாலில் ஏறக்குறைய 240. காலையில் கேழ்வரகு, மதியம் கீரையும் மோரும், ராத்திரி பால் என்று இருந்தால் பெரும்பகுதி வந்துவிடும். வைட்டமின் டி 60,000 யூனிட் மாத்திரையை யாரோ சொன்னார்கள் என்று வாராவாரம் மாதக்கணக்கில் போடாதீர்கள். அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

வளைவையே நிமிர்த்துவது

வலி உள்பக்கம் மட்டும் இருந்து, வெளிப்பக்கம் நன்றாக இருந்து, ஆளும் வயதில் இளையவராகச் சுறுசுறுப்பாக இருந்தால், மூட்டை மாற்றாமல் காலை நேராக்கலாம். முட்டிக்குச் சற்றுக் கீழே எலும்பை வெட்டி, கோணத்தைத் திருத்தி, பிளேட் வைத்து நிறுத்துகிறோம். ஹை டிபியல் ஆஸ்டியாட்டமி என்று பெயர். மேயோ கிளினிக்கைச் சேர்ந்த மார்க் கவென்ட்ரி 1965-ல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இது பரவலானது. இதில் ஒரு சுவாரசியம் உண்டு. கால் நேரானபின் அளந்து பார்த்தால், கெட்டித்துப் போயிருந்த உள்பக்க எலும்பின் அடர்த்தி தானாகவே குறைந்திருக்கிறது. எலும்புக்கு யாரும் மருந்து கொடுக்கவில்லை. சுமையின் வழியை மாற்றினார்கள், எலும்பு தன் கணக்கை மாற்றிக்கொண்டது.

முழுவதும் கெட்டுவிட்ட முட்டிக்கு மாற்று அறுவை சிகிச்சை நல்ல பலன் தரும். அதற்குப் பயப்பட வேண்டாம், அவசரப்படவும் வேண்டாம். செயற்கை முழங்காலுக்கு மத்திய அரசு 2017 ஆகஸ்டில் விலை உச்சவரம்பு வைத்தது. பில்லில் அதன் விலையைத் தனியாகக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

இவ்வளவு பொறுமையாகக் கேட்டதற்கு நன்றி. கேள்விகள் இருந்தால் சொல்லுங்கள்.

கேள்வி-பதில்

*என் பையனுக்கு 24 வயது. கால் லேசாக வளைவு, வலி இல்லை. இப்போதே ஆபரேஷன் செய்துவிடலாமா?*

வேண்டாம் சார். பெல்ஜியத்தில் வலியே இல்லாத இளைஞர்களின் கால்களை அளந்து 2012-ல் வெளியிட்டார்கள். ஆண்களில் 32 சதவீதத்தினருக்கும் பெண்களில் 17 சதவீதத்தினருக்கும் 3 டிகிரி அல்லது அதற்கு மேல் வளைவு இருந்தது. அது அவர்களின் இயல்பு. எடை ஏறாமல் பார்த்துக்கொள்ளட்டும். வளைவு கூடினாலோ, ஒரு கால் மட்டும் வளைந்தாலோ காட்டச் சொல்லுங்கள்.

*பேத்திக்கு ஒரு வயது. கால் வளைந்திருக்கிறது. குளிப்பாட்டும்போது இழுத்து நீவிவிட்டால் நேராகுமா?*

அம்மா, அந்த வயதில் எல்லாக் குழந்தைக்கும் கால் வளைந்துதான் இருக்கும். இரண்டு வயதுக்குள் நேராகி, மூன்று நான்கு வயதில் முட்டி இடிப்பது போல எதிர்ப்பக்கம் திரும்பி, ஏழு வயது வாக்கில் சரியாகும். எண்ணெய் தேய்த்துக் கொஞ்சுங்கள், இழுக்க வேண்டாம். இரண்டு வயதுக்குப் பிறகும் வளைவு கூடிக்கொண்டே போனால் வைட்டமின் டி குறைபாடா என்று பார்க்க வேண்டும்.

*முட்டி வலிக்காரர்கள் படி ஏறலாமா, லிஃப்டா?*

வலி இல்லாத நாளில் ஒன்றிரண்டு மாடி ஏறலாம்; இறங்க லிஃப்டைப் பயன்படுத்துங்கள். படிதான் வழி என்றால், ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில். கைப்பிடியை விடாதீர்கள்.

*குளுக்கோசமைன் பவுடர் சாப்பிடலாமா?*

அமெரிக்க அரசின் நிதியில் 1,500-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வு 2006-ல் வெளியானது. மொத்தத்தில் பார்த்தால் போலி மாத்திரையைவிடப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அந்தப் பணத்தில் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் நாலு முறை போய்ப் பயிற்சியைச் சரியாகக் கற்றுக்கொள்ளுங்கள். நம் வளாகத்திலேயே வாரத்துக்கு இரண்டு நாள் நாற்காலிப் பயிற்சி வகுப்பு வைக்கலாம் என்று சங்கத்திடம் சொல்லியிருக்கிறேன். பெயர் கொடுக்க விரும்புபவர்கள் அலுவலகத்தில் கொடுங்கள்.